‘ஒவ்வொரு பிரதோஷந்தோறும்’: சரியா, தப்பா?

தெற்குத்தெரு: எங்கள் தெருக் கோயில் நோட்டீஸில் ‘ஒவ்வொரு பிரதோஷந்தோறும் மாலை 4.30 மணிக்கு அபிஷேகம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் ஒருவர் ‘ஒவ்வொரு’வை அடித்துவிட்டார். சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணும். யார் சொல்வது சரி?

பழைய புரூஃப்: அடித்தவர்தான் சரி. ‘தோறும்’ என்றாலே ஒன்றுவிடாமல் என்று ஆகிவிட்டது. ‘பிரதோஷந்தோறும்’ போதும். இல்லை, ‘ஒவ்வொரு பிரதோஷத்தன்றும்’. இரண்டையும் சேர்ப்பது ஒரே ஆளுக்கு இரண்டு இலை போடுகிற வேலை.

திண்ணைவாசி: ஊரே சேர்த்துத்தான் சொல்கிறது ஐயா. ‘அரைஞாண் கயிறு’ என்கிறோமே, ஞாண் என்றாலே கயிறுதான். ‘கேட்டு வாசல்’ என்பதை யார் திருத்தினார்கள்? நன்னூலே இதற்கு ‘ஒருபொருட்பன்மொழி’ என்று பேர் வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறது. ‘மீமிசை’யில் மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல்.

பழைய புரூஃப்: நன்னூலைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ‘ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ’. சிறப்புக்காக அடுக்கினால் குற்றமில்லை, அவ்வளவுதான். அபிஷேக நேரம் சொல்வதில் என்ன சிறப்பு வாழ்கிறது? அரைஞாண் வேறு கதை. ‘ஞாண்’ தனியாகப் பேச்சில் இல்லை, பொருள் மறந்துபோனது, அதனால் ‘கயிறு’ வந்து ஒட்டிக்கொண்டது. ‘தோறும்’ யாருக்கு மறந்தது?

திண்ணைவாசி: ஒரு பிரதோஷமும் விட்டுப்போகாது என்று பக்தர்களுக்கு அழுத்திச் சொல்வது சிறப்பு இல்லையா? சனிப் பிரதோஷத்துக்கு மட்டும்தான் அபிஷேகம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மலர்விழி: இரண்டுக்கும் ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டே இருவரும் சண்டை போடுகிறீர்கள். ‘ஒவ்வொரு’ எண்ணிக் காட்டும், ‘தோறும்’ தொடர்ச்சியைக் காட்டும். ‘ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் ஓர் உபயதாரர்’ என்றால் ஆள் மாறுவார் என்று புரிகிறது.

பழைய புரூஃப்: ‘பிரதோஷந்தோறும் ஓர் உபயதாரர்’ என்றாலும் ஆள் மாறத்தானே செய்வார் அம்மா? மாற்றுவது அந்த ‘ஓர்’.

மலர்விழி: சரி, அந்த உதாரணம் வேண்டாம். வினையைப் பாருங்கள். ‘பார்க்குந்தோறும்’ என்று நேராகச் சேர்கிறது. ‘ஒவ்வொரு’வுக்கு நடுவில் ‘முறை’ இல்லாமல் முடியாது: ‘ஒவ்வொரு முறை பார்க்கும்போதும்’. இரண்டும் ஒன்றென்றால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார வேண்டுமே.

திண்ணைவாசி: ஆக, சேர்த்துப் போடலாம் என்கிறீர்கள்!

மலர்விழி: அப்படிச் சொல்லவே இல்லை. நோட்டீஸில் ஒன்று போதும். சேர்த்தால் குற்றம் என்பதைத்தான் ஒப்பமாட்டேன்.

மாணவன்: இடையில் ஒரு சந்தேகம். ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்று குறில் வைத்துப் படித்தோமே. எது சரி?

பழைய புரூஃப்: இரண்டும் சரி தம்பி. குறள் 1145: ‘களித்தொறும் கள்ளுண்டல் வேட்டற்றால் காமம் வெளிப்படுந் தோறும் இனிது’. ஒரே குறளில் குறிலும் நெடிலும். உரைநடையில் இப்போது ‘தோறும்’தான்.

தெற்குத்தெரு: ‘ஒவ்வொரு’வை எடுத்தாச்சு. இப்போது டிடிபி செய்பவர் ‘பிரதோஷம் தோறும்’ என்று இடம் விட்டு அடித்திருக்கிறார்.

பழைய புரூஃப்: சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். மகரம் நகரமாகும். வாரந்தோறும், மாதந்தோறும் மாதிரி.

திண்ணைவாசி: இடம் விட்டதால் யாரும் அபிஷேகத்துக்கு வராமல் இருக்கப்போவதில்லை. அடுத்த நோட்டீஸை என்னிடம் கொடுங்கள், ‘ஒவ்வொரு’ போட்டே அச்சடிக்கிறேன்.