சீவாவின் சூரிய ஊற்று: ஹெரோடோட்டஸ் எழுதியது பொய்யா?

மணல்மேடு:
எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்ற சோலை. அங்குள்ள சூரிய ஊற்று விடியலில் வெதுவெதுப்பு, உச்சிப்பொழுதில் சில்லிப்பு, நள்ளிரவில் கொதிப்பு என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். இன்னமும் அதை அதிசயமாகப் பகிர்கிறார்கள். சுத்தக் கட்டுக்கதை. ஊற்று நீரின் சூடு ஒரே நாளில் இப்படி ஏறி இறங்காது.

ஊற்றுக்கண்:
நீர் மாறாது, சரி. தொடுகிற உடம்பு மாறுமே! அங்கே சுரப்பது நூபியன் மணற்பாறை என்ற நிலத்தடிப் பாறை அடுக்கில் தேங்கிய நீர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. ஆழத்திலிருந்து வருவதால் அதன் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மேலே காற்றோ பகலில் தகிக்கும், இரவில் நடுக்கும். ஆழக் கிணற்று நீரில் விடியற்காலை குளித்தவர்களுக்கு இது புரியும். போதாததற்கு அந்த ஊற்றில் குமிழிகள் வேறு எழும். இருட்டில் அதைப் பார்த்தவர் கொதிக்கிறது என்றுதானே சொல்வார்? நண்பகலில் நீர் குளிர்ந்திருக்கும்போது தோட்டங்களுக்குப் பாய்ச்சினார்கள் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த நீரோடு வாழ்ந்தவர்களின் பேச்சு அது.

மணல்மேடு:
காற்று மிகவும் குளிர்வது விடியலையொட்டி. உங்கள் கணக்குப்படி அப்போதுதான் நீர் அதிகம் சுட வேண்டும். அவரோ விடியலில் வெறும் வெதுவெதுப்பு என்கிறார். இடிக்கிறதே.

ஊற்றுக்கண்:
இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உச்சிக்கு நேரெதிர் நள்ளிரவு என்று, சூரியன் பெயருக்குப் பொருந்தும்படி, சொன்னவர்கள் நேரத்தை நகர்த்தியிருக்கலாம். அதற்காக எல்லாமே பொய்யாகிவிடாது.

நீர்வழி:
எனக்குப் பெரிய வருத்தம் வேறு. பயணிகள் இன்று அந்த ஊற்றைக் கிளியோபாட்ரா குளம் என்றே அறிகிறார்கள். அவர் அங்கே குளித்ததாகப் பண்டைய பதிவு ஒன்றுகூட இல்லை. கி.மு. 331இல் அலெக்சாண்டர் சீவாவில் உள்ள எகிப்தியக் கடவுள் ஆமோனின் கோயிலில் குறி கேட்க வந்ததற்காவது பதிவு உண்டு. ஊற்றின் இன்னொரு பெயர் ஐன் ஜுபா. அரபியில் 'ஐன்' என்றால் கண், ஊற்று இரண்டும்தான். நம் 'ஊற்றுக்கண்' போலவே. அந்தப் பெயரை விட்டுவிட்டு ராணியின் பெயர் எதற்கு?

மணல்மேடு:
இதில் நீர்வழி பக்கம்தான் நான். ஹெரோடோட்டஸ் கதைக்காவது அடியில் ஒரு அனுபவம் இருக்கலாம். ராணி கதைக்கு அதுவும் இல்லை. நள்ளிரவுக் கொதிப்பை மட்டும் இன்னும் நம்பமாட்டேன்.