ரேடியேட்டரை மூன்று தடவை அலசியும் தண்ணீர் துரு நிறத்திலேயே வருகிறது, எங்கே தப்பு?

நீலக்கார்:

வணக்கம். என் வண்டி 14 வருஷப் பழசு, பெட்ரோல், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, கூலண்டில் இதுவரை கை வைத்ததில்லை. போன வாரம் இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆறிப்போன டீ மாதிரி ஒரு நிறம். மூடியின் ரப்பரில் விரலை வைத்துத் தேய்த்தால் செம்மண் பொடி போல ஒட்டியது.

நாமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். கீழே இருக்கும் பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கைத் திறந்ததில் 3 லிட்டர் வந்தது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அப்புறம் மேல் வாய் வழியாகத் தோட்டத்துக் குழாயை விட்டு, கீழே தெளிவாக வரும்வரை ஓடவிட்டு, பிளக்கை மூடி, குழாய்த் தண்ணீரையே நிரப்பிக் கொஞ்சம் ஓட்டினேன். மறுநாள் திறந்தால் மறுபடி அதே டீ. இப்படி மூன்று நாளில் மூன்று தடவை. இப்போது ஹீட்டரும் குளிர்ந்த காற்றுதான் தருகிறது, வண்டி நின்று ஓடும்போது டெம்பரேச்சர் முள் கொஞ்சம் மேலே ஏறுகிறது.

ரெடிமேடாகக் கலந்த இளஞ்சிவப்புக் கூலண்ட் 4 லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அதை ஊற்றிவிடலாமா, இல்லை கடையில் கிடைக்கும் கிளீனர் ஏதாவது போட்டு இன்னொரு தடவை அலச வேண்டுமா?

பழையஸ்பானர்:

கூலண்டை இன்னும் ஊற்றாதீர்கள், நல்லவேளை கேட்டீர்கள்.

நீங்கள் அலசியது ரேடியேட்டரை மட்டும்தான். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சூட்டில் திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், அது பெரும்பாலும் 82லிருந்து 90 டிகிரிக்குள்தான் திறக்க ஆரம்பிக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். மேலே விட்ட தண்ணீர் ரேடியேட்டருக்குள் இறங்கிக் கீழே வந்துவிட்டது, பிளாக்குக்குள்ளும் ஹீட்டர் கோருக்குள்ளும் (டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) இருந்த பழைய 3 லிட்டர் அசையவே இல்லை. நீங்கள் ஓட்டியதும் அது வெளியே வந்து கலந்துகொண்டது. அதனால்தான் கீழே தெளிவாக வந்த தண்ணீர் மறுநாள் டீயாகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. இரும்பு பிளாக்கில் துருத்தடுப்பு எதுவும் இல்லாத வெறும் தண்ணீரை ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் புதுத்துரு பிடிக்கும், அதற்கு ஒரு நாள் போதும். அதனால் இந்த வேலையை ஆரம்பித்த அன்றைக்கே முடிக்க வேண்டும், காலையில் தொடங்குங்கள்.

முறை இதுதான். வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்புங்கள், மூடியைப் போடுங்கள், ஹீட்டரை அதிகபட்சச் சூட்டில் வையுங்கள், ஏனென்றால் சில வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வால்வு திறக்கும். இஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பிறகு சட்டென்று கை வைக்க முடியாத சூடு ஏறும், அதுதான் தெர்மோஸ்டாட் திறந்த நேரம். அதற்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும். அணைத்து, நன்றாக ஆறவிட்டு, வடியுங்கள். ஆறவிடுவதில் அவசரம் வேண்டாம், சூடான இஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

6 லிட்டரில் ஒவ்வொரு தடவையும் 3 லிட்டர்தான் வெளியே வருகிறது என்றால் ஒரு சுற்றுக்குப் பாதி அழுக்கு மிஞ்சும், அடுத்ததில் கால், அப்புறம் அரைக்கால், நான்காவதில் பதினாறில் ஒரு பங்கு. எல்லாமே சூடாக்கி ஓடவிட்டு வடித்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு. வடிந்ததை ஒவ்வொரு தடவையும் கண்ணாடி டம்ளரில் பிடித்து வரிசையாக வையுங்கள், நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் போல்ட் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்து, அது திறக்கவும் செய்தால் பாதி வேலை மிச்சம். இத்தனை வருஷப் பழசில் அது இறுகிப் போயிருந்தால் பலவந்தப்படுத்த வேண்டாம்.

அரைக்கரை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் கூலண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன், பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் வாங்கியது ஏற்கெனவே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது. கடைசியாக வடித்த பிறகும் பிளாக்குக்குள் 3 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கும். அதன்மேல் ரெடிமேட் 3 லிட்டர் ஊற்றினால் மொத்த 6 லிட்டரில் உண்மையான கூலண்ட் ஒன்றரை லிட்டர்தான், அதாவது 25 சதவீதம். கூலண்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்கும் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, 25 சதவீதம் சுமார் மைனஸ் 12லேயே உறைய ஆரம்பித்துவிடும். குளிர் இல்லாத இடம்தானே என்று விட்டுவிட முடியாது, துருத்தடுப்பு மருந்தும் பாதியாகிவிடுகிறதே! நீங்கள் இவ்வளவு பாடுபடுவதே துருவை நிறுத்தத்தான்.

அதனால் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவில் சரிபாதி, உங்களுக்கு 3 லிட்டர், அதை முதலில் ஊற்றுங்கள். இன்னும் இடம் இருந்தால் டிஸ்டில்டு வாட்டர். உள்ளே மிஞ்சிய தண்ணீரோடு சேர்ந்து தானாகப் பாதிக்குப் பாதி வந்துவிடும். கையிலிருக்கும் ரெடிமேட் வீணாகாது, அதே வகையாக இருந்தால் பின்னால் டாப்-அப் செய்ய வைத்துக்கொள்ளலாம். கான்சன்ட்ரேட்டையே முழுக்க நிரப்பினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், தண்ணீர் அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது, தனியாக இருந்தால் மைனஸ் 13 சுற்றுவட்டாரத்திலேயே உறைந்தும் போகும்.

நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பழைய பச்சை பெரும்பாலும் சிலிகேட் வகை, 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஆர்கானிக் ஆசிட் வகை பெரும்பாலும் 5 வருஷம் வரும், அதை ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பல நிறத்தில் விற்கிறார்கள். எந்த நிறம் எந்த வகை என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. கையேட்டில் இருக்கும் ஸ்பெசிஃபிகேஷனும் டப்பாவின் பின்பக்கம் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு வகை கலந்தால் சில சமயம் கூழாகக் கட்டிக்கொள்ளும், கூழாகாவிட்டாலும் ஆயுள் குறையும்.

குழாய்த் தண்ணீர் அலச மட்டும். அதிலிருக்கும் சுண்ணாம்பு சூடான உலோகத்தில் படிந்துகொள்ளும், ஆகவே கடைசிச் சுற்றும் நிரப்புவதும் டிஸ்டில்டு வாட்டரில்தான்.

நீலக்கார்:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி, 25 சதவீதக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஹீட்டர் குளிர்ந்த காற்று தருவது அடைப்பா, இல்லை வேறு ஏதாவதா? டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தமும் வருகிறது. இன்னொன்று, டிரெயின் பிளக் இப்போது லேசாகச் சொட்டுகிறது.

மெதுவாய்ப்போ:

கொப்பளிக்கிற சத்தம் வந்தாலே உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டர் கோர் பல வண்டிகளில் உயரமான இடத்தில் இருக்கும், காற்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் சூடான தண்ணீர் சுற்றாது. முள் ஏறுவதும் அநேகமாக அதனால்தான். அதை எடுக்காமல் இனி வண்டியை ஓட்டாதீர்கள்.

முன்சக்கரத்தைச் சரிவில் ஏற்றி, ரேடியேட்டர் வாய் மற்ற எல்லாவற்றையும் விட உயரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். வாயில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு புனலை வைத்து அதில் பாதி வரை கூலண்ட் ஊற்றுங்கள், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும், இஞ்சின் மெதுவாக ஓடட்டும். முதலில் பெரிய குமிழாக ஒன்றிரண்டு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. முடிந்துவிட்டது என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள்! தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் இருப்பது மடமடவென்று உள்ளே இறங்கும், பிறகு சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக வரும். கையுறை போட்டுக்கொண்டு மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறிமாறிப் பிசைந்து விடுங்கள். ஃபேன் இரண்டு தடவை சுற்றி நின்று, ஹீட்டர் சூடாக ஊதி, குமிழும் நின்றால் காற்று போய்விட்டது. ஹோஸ் மேல் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூ இருக்கிற வண்டிகளில் அதைத் தளர்த்தி, காற்றில்லாமல் ஒழுக்காக வந்ததும் மூட வேண்டும்.

எலக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சுற்றும், கையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். பல வண்டிகளில் அந்த மூடி ஒரு பார் அளவுக்கு அழுத்தம் தாங்குகிறது, அந்த அழுத்தத்தில் கலவை 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணம் கொதித்து முகத்துக்கு வரும். என் முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான், அரைச் சுற்றுதான் திருப்பினேன்.

டிரெயின் பிளக்கை மேலும் இறுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக், கழுத்தோடு ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். அதன் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரிலும் பொடி ஒட்டியதாகச் சொன்னீர்கள், அது கெட்டியாகியிருந்தால் மூடியையும் அதே அழுத்த எண் உள்ளதாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

வடித்த கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்த தட்டிலும் வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும். ஒரு பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்க ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பழையஸ்பானர்:

கிளீனரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். நான்கு சுற்றுக்குப் பிறகும் டீயாகவே வந்தால் மட்டும் போடுங்கள், அதுவும் அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதியிருப்பது, லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் வேண்டாம். அமில வகை அலுமினியத்தையும் தின்னும். பழைய ரேடியேட்டரில் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதும் உண்டு, கிளீனர் போட்டதும் ஒழுக ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அந்த வாய் வழியாகக் குழாயை மெல்லத் திறந்து பிளாக்கை அலசுவது எனக்குப் பிடித்த வழி. முழு வேகத்தில் குழாயைத் திறக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது புதுத் தெர்மோஸ்டாட், புதுக் கேஸ்கெட் போடுங்கள், அதில் சின்ன ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறத்தான் அந்த ஓட்டை.

தொடங்கும் முன் ஆயில் அளவுக் கம்பியையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தாலோ, ரேடியேட்டர் வாயில் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அப்போது அலசிப் பயனில்லை.

நீலக்கார்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ஆயில் சுத்தமாக இருந்தது. பிளாக் போல்ட் அசையவில்லை, விட்டுவிட்டேன். சூடாக்கி வடித்ததில் முதல் டம்ளர் காப்பி நிறம், இரண்டாவது டீ, மூன்றாவது வைக்கோல், நான்காவதில் அடியில் மட்டும் கொஞ்சம் மணல் போலப் பொடி. கிளீனர் போடவில்லை. ஐந்தாவதாக ஒரு சுற்றும் ஓட்டிவிட்டு, வடிந்த அளவை அளந்து பார்த்து, கையேட்டில் சொன்ன வகைக் கான்சன்ட்ரேட் 3 லிட்டர் ஊற்றினேன். பிளக்குக்குப் புது வளையம் போட்டேன், சொட்டு நின்றுவிட்டது.

தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் இருந்த அரை லிட்டரும் ஒரே மூச்சில் உள்ளே போனது, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கு முன்பே மூடிவிட்டிருப்பேன். இப்போது ஹீட்டர் சூடாக ஊதுகிறது, முள் நடுவில் நிற்கிறது. இன்று காலை ஆறிய பிறகு பார்த்தால் ரிசர்வ் டப்பாவில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, மிச்சக் காற்று வெளியேறியதால் என்று நினைக்கிறேன், குறைந்த அளவை ஊற்றிவிட்டேன்.

மெதுவாய்ப்போ:

அதேதான். இன்னும் இரண்டு மூன்று நாள் காலையில் பாருங்கள், ஒரே கோட்டில் நின்றால் சரி, தொடர்ந்து இறங்கினால் கீழ் ஹோஸ் கிளாம்ப்பைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.