ஆறு மாதமாக வளராத டிஸ்கஸ் மீன் குஞ்சுகள்

வியாசர்பாடியில் இருக்கிறேன். ஜனவரியில் கொளத்தூரில் வாங்கிய ஆறு டிஸ்கஸ் குஞ்சுகள் அப்போது 2 அங்குலம். ஜூலை வந்துவிட்டது, இன்னும் மூன்றைத் தொடவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. வட்டமாக இருக்க வேண்டிய உடம்பு நீள்வட்டமாகிவிட்டது. ஒன்று கறுத்துப்போய் மூலையில் நிற்கிறது, மற்றவை நன்றாகவே சாப்பிடுகின்றன.

மூன்றடித் தொட்டி, சுமார் 180 லிட்டர், மணல், செடி எதுவும் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, ஹீட்டர் 29 டிகிரியில். தண்ணீரைச் சோதித்ததில் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 40. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1100, அதனால் ஆர்ஓ தண்ணீர் கலந்து 250க்குக் கொண்டுவந்தேன். பிஹெச் 7.2.

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் மாற்றினேன். இரண்டாம் மாடிக்குக் கேன் சுமந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர். தீனி நாலு வேளை: பீஃப் ஹார்ட் (மாட்டு இதயம்), உறைந்த ரத்தப்புழு. நடுவில் வெள்ளை நூல்போல் கழிவு வந்தது. குடல் ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல் மருந்து ஒரு சுற்று கொடுத்தேன். கழிவு சரியானது, வளர்ச்சிதான் இல்லை.

தினமும் தண்ணீர் மாற்றினால் இவை இனியாவது வளருமா, இல்லை இதுதான் இவற்றின் அளவா?