ரெட்கிளிஃப் பிரபலங்கள்: நேரில் கண்டதும் காதில் விழுந்ததும்

மார்கேட்டிலிருந்து:

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து வடக்கே கிளம்பி, நீளமான பாலத்தைத் தாண்டினால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு ஊர் வரும். அதுதான் ரெட்கிளிஃப். 1959-இல் இதை நகரம் என்று அறிவித்தார்கள். 2008-இல் மோர்ட்டன் பே என்ற பெரிய நிர்வாகத்தோடு சேர்த்துவிட்டார்கள். வரி கட்டும் காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும், இங்கே மார்கேட், ஸ்கார்பரோ, கிளான்டார்ஃப் என்று எந்தப் பகுதியில் இருப்பவர்களிடமும் எந்த ஊர் என்று கேட்டால் ரெட்கிளிஃப் என்றுதான் பதில் வரும்.

இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட பெரிய ஆட்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தவரைப் பார்த்தவர்களும் எழுதலாம். நானே ஆரம்பித்துவைக்கிறேன்.

2013 பிப்ரவரி 14. பீ ஜீஸ் என்ற பாட்டுக் குழுவின் கிப் சகோதரர்களுக்காகக் கட்டிய நடைபாதையைத் திறக்க, அவர்களில் ஒருவரான பேரி கிப் வருகிறார் என்று ஊரே கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டது. எனக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் செல்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததால், பாதி நேரம் அவரை அடுத்தவர் திரையில்தான் பார்த்தேன். நாலு சகோதரர்களில் அவர்தான் மூத்தவர், மிஞ்சியவரும் அவர் ஒருவர்தான். ஆண்டி 1988-இல் போய்விட்டார், மாரிஸ் 2003-இல். ராபின் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பேரி, ராபின், மாரிஸ் மூவரும் சின்னப் பையன்களாக வெறுங்காலோடு நிற்கும் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் ஒருவர் மட்டும் நின்றதைப் பார்த்ததும் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினார்கள். அப்புறம் முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா சொன்ன கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. அவருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது இருக்கும். இங்கே முன்பு கார்ப் பந்தயத் திடல் இருந்தது. ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கூட்டம் சலித்துப்போகாமல் இருக்க இந்தப் பையன்களைப் பாடவிடுவார்களாம். பெரியவன் பேரிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது, இரட்டையர்களான ராபினுக்கும் மாரிஸுக்கும் பத்துகூட நிரம்பவில்லை. பாட்டு பிடித்தவர்கள் ஓடுதளத்தில் காசை வீசுவார்கள், பையன்கள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். பாட்டியம்மாவின் அண்ணனும் வீசினாராம். "பாட்டு ஒன்றும் நினைவில்லை, பெட்ரோல் வாடைதான் நினைவிருக்கிறது" என்றார். மேடையில் பேசியவர்கள் அத்தனை பேரையும்விட அவர் பேச்சு நன்றாக இருந்தது.

பீ ஜீஸ் என்றால் கிப் சகோதரர்கள் என்பதன் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் வேறு. பந்தயத் திடலில் அவர்களைப் பாடவைத்தவர் பில் கூட். அவர் பையன்களை அழைத்துப்போய் பில் கேட்ஸ் என்ற பிரிஸ்பேன் வானொலி அறிவிப்பாளரிடம் விட்டார். (அந்த பில் கேட்ஸ் இல்லை. அவருக்கு அப்போது நாலு வயதுதான்.) இரண்டு பில்களுக்கும் பேரிக்கும் ஆங்கில முதல் எழுத்துகள் (பி, ஜி) ஒன்றாகவே அமைந்ததால் அந்தப் பெயரை வைத்தார்கள். முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது இந்த ஊரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை மேசையில்.

டிசெப்ஷன் பேயிலிருந்து:

நான் யாழ்ப்பாணம். இங்கே தாதியாக வேலை செய்கிறேன். பேரி கிப்பை நேரில் கண்டதில்லை, ஆனால் அவருடைய பாட்டோடு ஒவ்வொரு வருசமும் மல்லுக்கட்டுகிறேன்.

இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அமத்தும் பயிற்சியை நாங்கள் வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். நிமிசத்துக்கு 100 முதல் 120 தரம் அமத்த வேண்டும். பொம்மைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கையை மடக்காமல், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்திப் பாருங்கள், இரண்டு நிமிசத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருக்கும். களைக்கக் களைக்க வேகம் கூடும், இல்லாவிட்டால் குறையும். அதனால்தான் 'ஸ்டேயின் அலைவ்' பாட்டை மனதுக்குள் பாடச் சொல்லித் தருகிறார்கள். அதன் தாளம் நிமிசத்துக்கு 103 அளவில் வரும்.

நான் முதல்முதல் பயிற்சிக்குப் போன அன்று, சொல்லித்தந்த மனிசி ஸ்கார்பரோக்காரி. பாட்டைப் போட்டுவிட்டு, "இது எங்கட ஊர்ப் பொடியன்கள் பாடினது" என்ற மாதிரி ஒரு பெருமையோடு சொன்னார். நாங்கள் வியர்த்து விறுவிறுத்து அமத்திக்கொண்டிருக்கிறோம், அவர் ஊர் வரலாறு கதைக்கிறார். மூச்சு வாங்கியதில் பாதிதான் காதில் ஏறியது.

ஆனால் அவர் சொன்ன ஒன்றைப் பிறகு தேடி வடிவாக வாசித்தேன். 1977-இல் பிரான்சில் அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய ட்ரம்ஸ்காரர் குடும்பக் காரியமாக ஊருக்குப் போய்விட்டார். என்ன செய்வது? முன்பே பதிந்து வைத்திருந்த வேறொரு பாட்டிலிருந்து சிறு தாளத்துண்டை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். இசைத்தட்டில் ட்ரம்ஸ் வாசித்தவர் என்று பெர்னார்ட் லூப் என்ற பெயரைப் போட்டார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை, பகிடிக்குப் போட்டது. மனிதன் வாசித்திருந்தால் எங்கேயாவது கொஞ்சம் ஓடியிருக்கும், கொஞ்சம் இழுத்திருக்கும். நாடா வளையம் அப்படியே மாறாமல் நிற்கிறது. பொம்மையை அமத்த அதைவிட நல்ல தாளம் கிடையாது.

நார்த் லேக்ஸிலிருந்து:

பாட்டுக்காரர்கள் இருக்கட்டும். இந்த ஊரில் வீட்டு வாசலில் கட்டும் கொடி பீ ஜீஸ் கொடி இல்லை, டால்பின்ஸ் என்ற ரக்பி லீக் அணியின் கொடி. ரக்பி லீக் கதை எழுதாமல் ரெட்கிளிஃப் ஆட்களைப் பற்றி எழுதினால் எப்படி?

எனக்கு அந்த ஆட்டம் ஒன்றும் புரியாமல்தான் இருந்தது. பையன் சேர்ந்தான், சனிக்கிழமை காலைகளில் மடக்கு நாற்காலியோடு நானும் சேர்ந்தேன். கபடி பார்த்து வளர்ந்தவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்: பிடிபடாமல் முன்னேறு, பிடித்தால் கீழே தள்ளு, ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு.

மைதானத்து ஓரத்தில் உட்காரும் வயதானவர்களிடம் ஆர்தர் பீட்சன் என்று சொல்லிப்பாருங்கள், அன்றைய காலை போச்சு. ரோமா என்ற உள்நாட்டு ஊரில் பிறந்தவர். இங்கே வந்து ஆடி, 1965-இல் ரெட்கிளிஃப் முதன்முதலாக பிரிஸ்பேன் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அடுத்த வருடமே சிட்னி கொத்திக்கொண்டு போய்விட்டது. 1973-இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைவரானார். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி மனிதர் அவர்தான். 1980-இல் நம் மாநிலமான குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வீரர்களின் சொந்த மாநில அடிப்படையில் அணி பிரித்து மோதிய முதல் ஆட்டத்தில், 35 வயதில், குயின்ஸ்லாந்துக்குத் தலைவராக இறங்கினார். 20க்கு 10 என்று ஜெயித்தார்கள். என் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெரியவர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். பீட்சன் நடந்துவந்த மாதிரியை எழுந்து நின்று நடித்துக்காட்டுவார். இடுப்பில் கோளாறு இருக்கிறது, உட்காருங்கள் என்று அவர் மனைவி திட்டுவார்.

நான் நேரில் பார்த்தவர் பெட்டெரோ சிவோனிசேவா. ஃபிஜியில் பிறந்து, கைக்குழந்தையாக வந்து, இங்கேயே வளர்ந்தவர். குயின்ஸ்லாந்துக்காக 33 ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்காக 45. கடைசியில் 2013 உலகக் கோப்பையில் ஃபிஜிக்காகவும் ஆடினார். மைதானத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு நடுவே நின்றிருந்தார். தொலைக்காட்சியில் எல்லாரும் மலை மாதிரி இருப்பதால் ஆள் அளவு தெரியாது. பக்கத்தில் போனால்தான் தெரியும், என் தலை அவர் தோளுக்குக்கூட வரவில்லை. என் பையன் பேசத் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு, கையெழுத்து வாங்கப் பந்தை நீட்டுவதற்குப் பதிலாக அவரிடம் எறிந்துவிட்டான். அவர் பிடித்துக் கையெழுத்துப் போட்டு மெதுவாகத் திருப்பி எறிந்தார். பையன் தவறவிட்டான். அந்தப் பந்தை வைத்து இன்னும் விளையாட விடுவதில்லை.

2023-இல் டால்பின்ஸ் தேசியப் போட்டிக்குள் நுழைந்தபோது அணிப் பெயரில் ரெட்கிளிஃப் இல்லை. வெறும் டால்பின்ஸ். வட பிரிஸ்பேன் முழுவதையும் இழுக்கத்தான் அப்படி வைத்தார்கள். வியாபாரத்துக்குச் சரி. ஆனால் 1947-இலிருந்து சட்டை துவைத்து, பன்றிக்கறி வறுத்து விற்று அணியை நடத்திய ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். மார்ச் 5, முதல் ஆட்டம். வேய்ன் பென்னட் பயிற்சியாளர், வயது 73. சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை 28க்கு 18 என்று சாய்த்தார்கள். அன்று இரவு பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிளான்டார்ஃபிலிருந்து:

நான் மீன் பிடிக்கிற ஆள். எனக்குத் தெரிந்த பிரபலங்கள் பாலங்கள்தான்.

பழைய பாலம் 1935-இல் திறந்தது. கட்டியவர் மானுவல் ஹார்னிப்ரூக். பொருளாதார மந்தத்தில் வேலை எதுவும் இல்லை. இத்தனை வருடம் கூட இருந்த ஆட்களைக் கைவிடக்கூடாது என்று அவரே யோசித்துத் தொடங்கிய திட்டம் அது. நாற்பது வருடம் சுங்கம் வசூலித்தார்கள். பின்னாளில் சிட்னி ஓபரா ஹவுஸின் சிப்பி போன்ற கூரைகளை எழுப்பியதும் அவர் பெயரில் இருந்த நிறுவனம்தான். ஓபரா ஹவுஸைப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, இங்கே எங்கள் பக்கத்தில் சாலைக்கே அந்தப் பெயர். தூண்டில் போடும்போது பழக்கமான ஒருவரின் அப்பா அந்தப் பாலத்துக்குத் தூண் இறக்கியவர். சம்பளத்தைவிடத் தண்ணீரின் குளிரைத்தான் அப்பா அதிகம் பேசுவாராம்.

இப்போது நாம் ஓட்டிப்போகிற புதுப் பாலத்துக்கு டெட் ஸ்மவுட் பெயர். பதினேழு வயதில் பதினெட்டு என்று சொல்லி முதல் உலகப் போருக்குப் போய், மருத்துவப் படையில் இருந்தவர். 2004-இல் 106 வயதில் இறந்தார். பாலத்தில் மீன் பிடிக்கத் தனி மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் கணக்கில் அது பீ ஜீஸ் சிலையைவிடப் பெரிய காரியம்.

மறுபடி மார்கேட்டிலிருந்து:

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்: கிப் குடும்பம் மான்செஸ்டரிலிருந்து 1958-இல் கப்பலேறி வந்து, வீடு வீடாக மாறி, சில வருடங்களிலேயே இங்கிருந்து கிளம்பிவிட்டது, 1967-இல் இங்கிலாந்துக்கே திரும்பிப் போனது, அவர்களை எப்படி ரெட்கிளிஃப்காரர்கள் என்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் குடியிருந்த கிரிப் ஐலண்ட் என்ற பக்கத்து ஊரை விமான நிலையத்துக்காக இடித்தே விட்டார்கள். அங்கே சிலை வைக்க இடமில்லை, அதனால் முழு உரிமையும் நமக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தால் மேலே எழுதிய யாருமே தேற மாட்டார்கள். பீட்சன் வேறு ஊர், சிவோனிசேவா வேறு நாடு. குயின்ஸ்லாந்தின் முதல் வெள்ளையர் குடியேற்றமே 1824 செப்டம்பரில் அமிட்டி என்ற கப்பலில் இங்கே வந்து இறங்கியதுதான். கைதிகளும் சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும். வந்த கொஞ்ச நாளில் ஒரு சிப்பாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. கப்பல் பெயரையும் கடல் பெயரையும் சேர்த்து அமிட்டி மோர்ட்டன் தாம்ப்சன் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் மொத்தக் கூட்டமும் மூட்டை கட்டிக்கொண்டு பிரிஸ்பேன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. அந்தக் குழந்தையும் நடக்கப் பழகியது இந்த ஊரில் இல்லை. அவர்களுக்கு முன்னால் எத்தனையோ தலைமுறையாக இங்கே இருந்த நிங்கி நிங்கி மக்களில் ஒருவர் பெயரைக்கூட இதுவரை யாரும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் அதை முதலில் எழுதுங்கள்.

அதோடு, இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே இருக்கிற பிரபலம் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர்தான், எழுபது வருடமாக இதே தெரு. அவரை எல்லாருக்கும் தெரியும், காரணம் அவருடைய நாய்.