வாரம் இரண்டு மணி நேரம் இருந்தால் என்ன செய்யலாம்? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

"ஏதாவது செய்யணும்னு மனசு இருக்கு, எங்கே ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கையில் பெரிய தொகை இல்லை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உண்டு. வசதி குறைந்த பகுதிகளில் தொடர்ந்து வேலை செய்பவர்கள் செய்முறையோடு எழுதுங்கள். எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்பது தெரிந்தால் போதும். பாராட்டு, வாழ்த்து எல்லாம் வேண்டாம்.

---

மாலை வாசிப்பு வகுப்பு

"டியூஷன் எடுக்கிறோம்" என்று போய் அவரவர் வகுப்புப் பாடத்தை நடத்த ஆரம்பித்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பத்தி வாசிக்க வரவில்லை என்றால், அறிவியல் பாடத்தை எத்தனை தடவை விளக்கினாலும் தலையாட்டும், உள்ளே போகாது. முதல் நாள் சோதனை மட்டும்தான். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்தும், பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஏசர் ஆய்வின் வாசிப்புத் தாள் இதற்குப் போதும். எழுத்து, சொல், எளிய பத்தி, சிறு கதை என்று நான்கே படி. பத்தியில் தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்தால் கதையைக் கொடுங்கள், திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லில் நான்கு வந்தால் சொல் படி, வராவிட்டால் எழுத்து. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும். மற்றப் பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில், ஒவ்வொருவராக. பத்துப் பேர் முன்னால் திணறிய பிள்ளை மறுநாள் வராது.

பிறகு வயதையும் வகுப்பையும் பார்க்காமல் படி பார்த்துக் குழு பிரியுங்கள். ஒரு ஆளுக்கு எட்டு முதல் பத்துப் பிள்ளைகள், எழுத்துப் படியில் என்றால் ஐந்துக்கு மேல் வேண்டாம். பெரிய பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவான். வகுப்பு ஆரம்பிக்கும்போது அவனிடம் அட்டைகளை எடுத்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள், கூச்சம் குறையும்.

தமிழில் எழுத்துப் படியில் நிற்கும் பிள்ளை 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கும். நடுவில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் முழிக்கும். அதற்கு அது பாட்டு, வாசிப்பு இல்லை. சிக்கல் பெரும்பாலும் குறிகளில்தான். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "தொடு" என்று எழுதிக் கொடுங்கள்: "தெ" என்று சொல்லிவிட்டு, அடுத்து நிற்கும் காலைப் பார்த்துப் பிள்ளை அப்படியே நின்றுவிடும். உகரம் இன்னும் மோசம், கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. அதனால் ஒரு மெய்யை எடுத்துப் பன்னிரண்டு உயிரையும் ஏற்றுவதை விட, ஒரு குறியை எடுத்து அன்று முழுக்க அதையே வாசிக்க வையுங்கள். கொடு, தொடு, பொது, சொல், மொழி, நொடி. அடுத்த நாள் அதன் நெடில். வல்லின றகரம், மூன்று ணகர னகர நகரம் எல்லாம் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். வாசிக்கும்போதே அங்கே திருத்தினால் பிள்ளை வாயைத் திறக்காது.

45 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் நீங்கள் ஒரு கதையைச் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசியுங்கள். மீதியில் பிள்ளைகள் வாசிக்கட்டும். மாதம் ஒரு தடவை அதே நான்கு படிச் சோதனை. ஏறியவர்களை அன்றைக்கே குழு மாற்றுங்கள்.

இந்த வகுப்புகள் மூடப்படுவதற்குப் பணம் காரணமாக இருப்பதே இல்லை, ஆள் வராததுதான். இரண்டு பேர் தேவைப்படும் வகுப்புக்கு மூன்று பேராகத் தொடங்குங்கள். வாரம் ஐந்து நாள் வருவதாக வாக்குக் கொடுத்து மூன்றாம் வாரம் காணாமல் போவதைவிட, வாரம் ஒரே நாள், அதே கிழமை, அதே நேரம் என்று வருவது எவ்வளவோ மேல்.

---

மேலே சொன்னதோடு ஒன்று

பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்த இடத்திலும் பெரியவர் இருவராவது இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் யாரும் இருக்கக் கூடாது. இது யார் மேலும் சந்தேகத்தால் அல்ல, எல்லாருக்கும் ஒரே விதி. கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பின்னால் உட்காரலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். படம் எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்ட பிறகே. எதற்காக, எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

---

வெள்ளெழுத்துக் கண்ணாடி

இதை யாரும் அதிகம் நினைப்பதில்லை. 40 வயது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்குவது இயல்பு. தையல், ஊசி வேலை, தானியம் பொறுக்குவது, மாத்திரை அட்டையைப் படிப்பது எல்லாம் அங்கேயே தடைபடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஒரு ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு பெறாதவர்களைவிட 21 சதவீதத்துக்கு மேல் கூடியது. வெறும் ரெடிமேட் கண்ணாடிதான்.

பயிற்சி பெற்ற கண் பரிசோதகர் ஒருவர் கூட இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். அவருக்கு உதவியாக நான்கு தன்னார்வலர்கள் இருந்தால் ஒரு காலையில் 60 பேரைப் பார்த்துவிடலாம்.

தூரப் பார்வை முதலில். சார்ட்டில் எத்தனை மீட்டருக்கானது என்று அச்சிட்டிருக்கும், 3 அல்லது 6. டேப் வைத்து அளந்து தரையில் கோடு போடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' வடிவச் சார்ட், கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கில் தெரிந்துவிடும், அழுத்தி மூடினால் திறந்ததும் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும், முடிவு தப்பாகிவிடும். ஏதாவது ஒரு கண்ணில் சார்ட்டில் 6/12 என்று குறித்த வரி தெரியவில்லை என்றால் கண்ணாடி கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கண் சிவப்பு, வலி, திடீர் மங்கல், கருவிழி நடுவில் வெள்ளை தெரிவது எல்லாமே அப்படித்தான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண்ணாடி பொருந்தினாலும் வருடம் ஒரு தடவை விழித்திரை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அடுத்து கிட்டப் பார்வை. எழுத்து அட்டையில் 40 செ.மீ. நூல் ஒன்றைக் கட்டி, மறுமுனையைக் கண்ணோரம் கன்னத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டை முன்னும் பின்னும் போகாது. 40 வயதை ஒட்டியவருக்கு +1.00, 45-க்கு +1.50, 50-க்கு +2.00, 55-க்கு மேல் +2.50 என்று தொடங்கி, தெளிவாகத் தெரியும் குறைந்த பவரில் நிறுத்துங்கள். "இது இன்னும் பெருசா தெரியுதே" என்று எல்லாரும் பெரிய பவரைத்தான் கேட்பார்கள். +3.00 போட்டால் முதியவருக்கு 33 செ.மீ. தூரத்தில்தான் தெளிவு, தையல் மெஷினில் ஊசி அதைவிடத் தள்ளி இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து கழுத்து வலி வந்து, கண்ணாடியைப் பெட்டியில் போட்டுவிடுவார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு, அந்தத் தூரத்தில் ஊசியில் நூல் கோக்க வைத்துப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை.

60 பேருக்கு +1.00 எட்டு, +1.50 பதினாறு, +2.00 பதினெட்டு, +2.50 பதினான்கு, +3.00 நான்கு என்று வைத்துக்கொண்டால் அநேகமாகச் சரியாக வரும். நடக்கும்போதும் படி இறங்கும்போதும் கழற்ற வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லியே ஆக வேண்டும். தூரம் மங்கலாகத் தெரியும், விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

---

மனு, விண்ணப்பம்

கூட்டம் கூட்டி "நலத்திட்டங்கள் பற்றிய விழிப்புணர்வு" பேசுவதில் பலன் குறைவு. திட்டம் இருப்பது பலருக்குத் தெரியும். விண்ணப்பம் எங்கே சிக்கி நிற்கிறது என்பதுதான் தெரியாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

பத்தில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான்: பெயர் ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. ஒரு எழுத்து கூடியிருக்கும், அப்பா பெயரின் முதலெழுத்து பின்னால் போயிருக்கும், பிறந்த தேதியில் வருடம் மட்டும் இருக்கும். அதனால் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் அவரிடம் இருக்கும் எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். முரண்பாடு இரண்டு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும். எதை முதலில் திருத்த வேண்டும் என்பதும் தெரியும். மற்ற ஆவணங்களுக்கு ஆதாரமாகக் கேட்கப்படுவது எதுவோ அதைத்தான் முதலில் திருத்த வேண்டும், வரிசை மாறினால் இரண்டு தடவை அலைச்சல்.

அசலை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு ராத்திரிக்குக்கூட. நகல் எடுத்து, அசலை அவர் கையிலேயே கொடுங்கள். நகலின் மேல் எந்த வேலைக்குக் கொடுத்தது என்பதையும் தேதியையும் எழுதினால் வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினம். ஓடிபி அவர் போனுக்கு வந்தால் அவரே பார்த்து அவரே போடட்டும். நீங்கள் கேட்டு வாங்கிப் போட்டால், நாளைக்கு வேறு ஒருவன் போனில் கேட்டாலும் கொடுக்கலாம் என்று அவருக்குப் பழக்கியவர் நீங்கள்தான்.

கையெழுத்து வாங்குவதற்கு முன் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் "அந்தப் பேர் அது இல்லீங்களே" என்று சொல்வார்கள். ஒப்புகை எண்ணை உங்கள் நோட்டில் ஒன்று, அவரிடம் ஒரு சீட்டில் ஒன்று எழுதுங்கள். சீட்டில் தேதியும், அடுத்து எப்போது போய்க் கேட்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். நீங்களே போய் வாங்கித் தருவதைவிட, ஒரு தடவை கூடப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், பேசுவது அவராக இருக்கட்டும். கிடைக்கும் என்று உறுதி மட்டும் கொடுக்காதீர்கள். தருவது நீங்கள் இல்லை.

---

விருந்தில் மிஞ்சிய சோறு

நல்ல மனசோடு கொடுத்து ஊரே வயிற்றுப்போக்கில் படுக்கும் வேலை இது, ஜாக்கிரதை. பரிமாறாத, கரண்டி மட்டும் பட்ட உணவை மட்டும் எடுங்கள். இலையில், தட்டில் போட்டது வேண்டவே வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி பெருகும். அந்த வெப்பத்தில் மொத்தம் 4 மணி நேரம் இருந்துவிட்டால் கொட்டிவிட வேண்டும், மனசு கேட்காவிட்டாலும். "நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்பது சோற்றுக்குப் பொருந்தாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சமைத்தாலும் சாகாது, ஆறிய சோற்றில் அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆழமான அண்டாவில் அப்படியே எடுத்துப் போவதுதான் பெரிய தப்பு. மேலே ஆறிவிடும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும், கிருமிக்கு அதுதான் சுகம். சூடாகக் கொண்டுபோக முடிந்தால் மூடி இறுகிய ஹாட்பாக்ஸ். முடியாவிட்டால் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பாத்திரத்தில் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். எடுத்த நேரத்தை எழுதிப் பயனில்லை. வாங்கிக்கொள்ளும் இடம் உறுதியான பிறகே வண்டியை எடுங்கள், தேடிக்கொண்டு சுற்றுவதிலேயே நேரம் போய்விடும்.

---

பழைய துணி

2004 சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களில் அனுப்பிய பழைய துணி எடுக்க ஆளில்லாமல் தெருவோரம் குவிந்து கிடந்தது. கேட்காமல் அனுப்பினால் இன்றும் அதுதான் நடக்கும். துவைத்து, பொத்தான் பார்த்து, ஆண், பெண், பிள்ளை, அளவு என்று பிரித்துக் கட்டி, கட்டின் மேல் எழுதி அனுப்புங்கள். உள்ளாடை புதிதாக மட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டு வெளியே அனுப்ப மாட்டீர்கள் என்றால் கட்டில் வைக்காதீர்கள்.

---

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுத

மாணவர் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தரும் ஸ்கிரைப் வேலைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. ஒரு தேர்வுக்கு அரை நாள், அவ்வளவே. ஆனால் தேர்வு நாளன்றுதான் முதல் தடவை சந்திப்பது கூடாது. இரண்டு நாள் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துப் பழகுங்கள். அவர் எந்த வேகத்தில் சொல்வார், நிறுத்தக் குறியைச் சொல்வாரா, புதுப் பத்தி என்பதற்கு என்ன சொல்வார் என்று தெரியும். ஸ்கிரைப்புக்கான படிப்புத் தகுதி தேர்வுக்குத் தேர்வு மாறும், விதியை முன்பே கேளுங்கள். அனுமதிக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கேள்வியை முழுதாக இரண்டு தடவை வாசியுங்கள், மதிப்பெண்ணையும் சேர்த்து. தேர்ந்தெடுத்து எழுதும் பகுதியில் எல்லாக் கேள்வியையும் வாசித்த பிறகுதான் அவர் முடிவு செய்ய முடியும். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். தப்பு என்று தெரிந்தாலும் திருத்தாதீர்கள், குரல் ஏற்ற இறக்கத்தால்கூட விடையைக் காட்டாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை மீதி நேரத்தைச் சொல்லுங்கள். முடிந்ததும் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்ட 15 நிமிடமாவது வேண்டும். அதற்குள் கை ஓய்ந்துபோகும், இரண்டு பேனாவும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

---

வாசிப்பு வகுப்புப் பக்கமிருந்து மறுபடியும்

நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. வேலை மாறும், ஊர் மாறும், அது நடப்பதுதான். நான்கு வாரம் முன்பே பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள், கடைசி நாளில் சொல்லாதீர்கள். அடுத்து வருபவர் முதல் வாரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டாம் வாரம் ஒரு குழுவை அவர் எடுக்கட்டும், மூன்றாம் வாரம் முழு வகுப்பும் அவர், நீங்கள் பின்னால். நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்: எந்தப் படி, எந்தக் குறியில் திணறுகிறது, எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.