மருத்துவமனைச் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடலாமா?

கேள்வி (தஞ்சை வாசி):
என் தம்பிக்கு வயது 19. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடியவன்; சென்ற மாதம் அவனாகவே பந்தைக் கேட்டான். வீட்டிலுள்ள மடக்கு நாற்காலியிலேயே மைதானத்துக்கு அழைத்துப் போனோம். மூன்றாவது முறை பந்தை எறியக் கைகளை உயர்த்திப் பின்னால் சாய்ந்தவன், நாற்காலியோடு மல்லாந்து விழுந்துவிட்டான். அடி பலமில்லை, ஆனால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார் அம்மா. விளையாட்டுக்கென்று தனி நாற்காலி இருக்கிறதாமே, அதில் அப்படி என்ன வேறுபாடு? இருப்பதையே பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியாதா?

பதில் 1 (பழைய ஆட்டக்காரர்):
மருத்துவமனை நாற்காலி, பின்னால் நின்று இன்னொருவர் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. ஆட்ட நாற்காலியில் தள்ளுவதற்கான கைப்பிடியும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பெரிய சக்கரங்களும் மேலே நெருங்கிக் கீழே அகன்று, கூடாரத்தின் இரு பக்கங்களைப் போலச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுதான் எல்லாமே: அடித்தளம் அகலமாவதால் பக்கவாட்டில் கவிழாது, சட்டென்று திரும்பும், இரண்டு நாற்காலிகள் மோதினாலும் சக்கரங்களின் அடிப்பாகமே இடித்துக்கொள்வதால் விரல்கள் தப்பும். இருக்கைக்குப் பின்னால் தரையை ஒட்டி ஒரு சிறு சக்கரம் இருக்கும். உங்கள் தம்பி அன்று விழாமலிருக்க அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

வயிற்றுத் தசை வேலை செய்யாதவர்களுக்கு இருக்கையின் பின்பகுதியைத் தாழ்த்தி, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமைப்பார்கள். வாளிக்குள் உட்கார்ந்தது போலிருக்கும். இடுப்பிலும் தொடையிலும் பாதத்திலும் பட்டை கட்டியபின் உடலும் நாற்காலியும் ஒன்றாகிவிடும். அதனால்தான் நாங்கள் விழுந்தாலும் ஒரு கையைத் தரையில் ஊன்றி நாற்காலியோடு எழுந்துகொள்கிறோம்.

பட்டறை யோசனையை விட்டுவிடுங்கள். மடக்கு நாற்காலியின் நடுவிலுள்ள குறுக்குச் சட்டம், நீங்கள் கொடுக்கும் விசையில் ஒரு பங்கைத் தானே வளைந்து விழுங்கிவிடும்.

கூடையின் உயரம் எல்லோருக்கும் போல 3.05 மீட்டர்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறைக்கு மேல் தள்ளக்கூடாது. தரையில் தட்டியாக வேண்டும். உடலின் இயக்கத்திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு; இயக்கம் குறைந்தவருக்குப் புள்ளியும் குறைவு. களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. ஆகவே குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது. உங்கள் தம்பியை யாரும் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை, தேடிக்கொண்டிருப்பார்கள்.

பதில் 2 (இயன்முறை மருத்துவர்):
அம்மாவின் கவலை விழுவதைப் பற்றியது. என் கவலை தோலைப் பற்றியது. உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் அவருக்குத் தெரியாது. பட்டை அழுத்திய இடங்களையும் உட்காரும் எலும்பின் பகுதியையும் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மாறவில்லையென்றால், அது முற்றிலும் மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. நாற்காலியில் போடும் மெத்தையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இன்னொன்று, தண்டுவடத்தில் காயம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு வியர்க்கும் பரப்பு குறையும். நம் ஊர் வெயிலில் தெளிப்பான் போத்தலில் தண்ணீர் எடுத்துப்போய் முகத்திலும் கழுத்திலும் அடித்துக்கொள்வது அவசியம்.

பதில் 3 (பெயர் வேண்டாம்):
அவசரப்பட்டு வாங்காதீர்கள். படத்தைப் பார்த்து ஒன்றை வரவழைத்தேன். இருக்கை என் அளவைவிட இரண்டு அங்குலம் கூடுதல் அகலம். திரும்பும்போதெல்லாம் நாற்காலி ஒரு பக்கம் போக, என் இடுப்பு மறுபக்கம் போனது. சட்டைக்கு அளவெடுப்பதைவிடக் கவனமாக அளவெடுக்க வேண்டிய பொருள் இது. இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளி நீச்சல் வீராங்கனை மாதவி லதா அவர்களின் முயற்சியில் சென்னையில்தான் தொடங்கியது. அவர்களிடம் பயிற்சி முகாம்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகாமில் இரவல் நாற்காலி கிடைத்தால் நாலைந்து முறை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தஞ்சை வாசி:
அனைவருக்கும் நன்றி. பின்னாலிருக்கும் சிறு சக்கரத்தைப் பற்றி வாசித்துக் காட்டியபின், அம்மாவே தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தார். கட்டிலில் வைத்து அளந்தோம். இடுப்பு அகலம் 34 செ.மீ. வந்தது.

பழைய ஆட்டக்காரர்:
படுத்திருக்கும்போது அளந்தீர்களா? உட்கார்ந்தால் தொடையும் இடுப்பும் அகலும். ஆடும்போது அணியும் கால்சட்டையோடு கெட்டியான பலகையில் உட்கார வைத்து, மீண்டும் ஒருமுறை அளந்து பதிவிடுங்கள்.