டிராக்கை முழுசா இறுக்கினாலும் விரால் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது: ரீலை மாற்றிவிடலாமா?

சத்துவாச்சாரி_தூண்டில்:
எல்லோருக்கும் வணக்கம். ஏரியில் தவளை போட்டு விரால் பிடிக்கும் அண்ணன்மார்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். கம்பெனி பெயர் வேண்டாம், பெட்டியில் 13+1 பேரிங் (13 குண்டு பேரிங், ஒரு உருளை பேரிங்), 12 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பு ஓடாமல் பிடிக்கும் பிரேக்) என்று போட்டிருந்தது. ஏழடி ராடு, 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), இரைக்கு ரப்பர் தவளை. வாங்கிய கடையிலேயே பிரெய்டைச் சுற்றிக் கொடுத்தார்கள். கூடவே "நல்லா ஓடும்" என்று சொல்லி ரீலில் இருந்த எல்லா ஓட்டையிலும் தையல் மிஷின் எண்ணெயும் விட்டுக் கொடுத்தார்கள்.

காவேரிப்பாக்கம் ஏரியில் அல்லி இலை ஓரமாகப் போட்டால் அடி விழுகிறது. இழுத்து முள்ளை ஏற்றியதும் விரால் நேராக இலைக்கு அடியில் பாய்கிறது. டிராக்கை இதற்கு மேல் திருக முடியாத அளவுக்கு இறுக்கித்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. டிராக் சத்தம்கூட வருவதில்லை. போன வாரம் நல்ல மீன் ஒன்று இப்படியே செடிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு முள்ளை உதறிவிட்டது. சில நேரம் கைப்பிடி கால் சுற்று பின்னால் போய் டக்கென்று நிற்கிறது. தூக்கிப் போடும்போது அவ்வப்போது நரம்பு சிக்கலும் விழுகிறது.

மச்சான் ஒருவர், "மட்டமான ரீலோடு மாரடிக்காதே, பதினைந்தாயிரத்துக்கு நல்லதா ஒன்று எடு" என்கிறார். பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எடுக்கலாமா?

ஏரிக்கரை_வாலாஜா:
தம்பி, பணத்தை அப்படியே வையுங்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது: டிராக் சத்தம் வரவில்லை.

டிராக் வழுக்கினால் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, சுற்றும். ஸ்பூல் சுற்றினால் உள்ளே இருக்கும் கிளிக்கர் கிர்ரென்று கத்தும். ஸ்பூல் அசையாமல் நரம்பு மட்டும் போகிறது என்றால் வழி இரண்டுதான். ஒன்று, ஸ்பூல் மேல் சுற்றிய பிரெய்டு மொத்தமும் வளையல் மாதிரி ஸ்பூலைச் சுற்றி வழுக்குகிறது. இல்லாவிட்டால் ரோட்டர் (கைப்பிடியோடு சேர்ந்து சுழன்று நரம்பை ஸ்பூலில் சுற்றும் பாகம்) பின்பக்கமாகச் சுற்றுகிறது. கைப்பிடி பின்னால் போகிறது என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இரண்டுமே இருக்கலாம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஸ்பூலின் மேல் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி, அதற்கு நேராகச் சுற்றியிருக்கும் நரம்பின் மேல் ஒரு புள்ளி. டிராக்கை இறுக்குங்கள். நரம்பு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, ரீலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போங்கள். விளிம்புப் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க நரம்புப் புள்ளி மட்டும் நகர்ந்தால் பிரெய்டு வழுக்குகிறது. ரோட்டரும் அதில் இருக்கும் கம்பி வளையமான பேலும் பின்னால் சுற்றினால் கோளாறு ஆன்டி ரிவர்ஸ் கிளட்சில், அதாவது கைப்பிடி பின்னால் போகாமல் பிடிக்கும் பாகத்தில். ஸ்பூலே சுற்றினால்தான் டிராக் மேல் பழி போடலாம். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், பிரெய்டு தோலை அறுத்துவிடும்.

காட்பாடி_ஸ்பின்னர்:
மச்சானை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். நான் இரண்டு வகையும் வைத்திருக்கிறேன், வித்தியாசம் நிஜம்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் 13+1-ஐ முதலில் மறந்துவிடுங்கள். ஷிமானோ ஸ்டெல்லாவிலேயே 12+1தான். இங்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் போகிற ரீல் அது. இரண்டாயிரம் ரூபாய் ரீலில் அதைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றால் எப்படிப்பட்ட பேரிங்காக இருக்கும், நீங்களே யோசியுங்கள். எங்கே, எந்தத் தரத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஷிமானோ சியன்னாவில் 3+1தான் இருக்கிறது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கிறது. 12 கிலோ டிராக்கும் அதே கதைதான். அவ்வளவு இறுக்கி உண்மையிலேயே இழுத்தால் அந்த ரீலின் உடம்பே முறுக்கிக்கொள்ளும்.

விலை ஏற ஏற என்ன கிடைக்கிறது? முதலில் பல்சக்கரம். மலிவு ரீல்களில் பெரும்பாலும் அச்சில் வார்த்த துத்தநாகச் சக்கரம். ஷிமானோவின் நாசி, ஸ்ட்ராடிக் போன்ற ரீல்களில் ஹகானே என்று சொல்லும் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கிய சக்கரம், பல் தேய நாளாகும். அடுத்தது டிராக் கிளம்பும் விதம். மலிவு ரீலில் மீன் இழுத்ததும் டிராக் முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் வெடுக்கென்று விடும். நல்ல ரீலில் முதல் அங்குலத்திலிருந்தே ஒரே சீராக வரும். மெல்லிய நரம்பில் ஜிலேபியோ ரோகுவோ பிடிப்பவருக்கு இதுதான் மீன் கரைக்கு வருவதற்கும் நரம்பு அறுவதற்கும் நடுவில் இருப்பது. எடையையும் சொல்ல வேண்டும். 2500 சைஸில் சியன்னா சுமார் 250 கிராம், அதே கம்பெனியின் வான்ஃபோர்ட் 200 கிராமுக்குள். நாள் முழுக்கத் தூக்கிப் போட்டுப் பாருங்கள், சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும்.

ஆனால் ஏரிக்கரை அண்ணன் சொன்னது சரி. பிரெய்டு ஸ்பூலில் வழுக்குகிறது என்றால் ஸ்டெல்லாவிலும் வழுக்கத்தான் செய்யும்.

ரீல்_வைத்தியர்_ஆம்பூர்:
தையல் மிஷின் எண்ணெயை எல்லா ஓட்டையிலும் விட்டார்கள் என்று படித்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டேன். பழுதுக்கு என்னிடம் வருகிற ரீல்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

ரோட்டருக்கு அடியில் ஒரு ஒருவழி கிளட்ச் இருக்கிறது, ஏரிக்கரை அண்ணன் சொன்ன ஆன்டி ரிவர்ஸ் கிளட்ச் அதுதான். உள்ளே சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். கைப்பிடியை முன்னால் சுற்றினால் உருளைகள் தளர்ந்து வழி விடும். பின்னால் தள்ளினால் சரிவில் ஏறி ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். எண்ணெயோ கிரீஸோ அதிகமாகப் போனால் உருளை ஏறாமல் வழுக்கும். அதனால்தான் உங்கள் கைப்பிடி கால் சுற்று போய் டக்கென்று பிடிக்கிறது. நம் ஊர் வெயிலும் இதில் சேர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் வண்டி டிக்கியில் ரீலைப் போட்டு வைத்தால் உள்ளே கிரீஸ் இளகி எங்கே போகக் கூடாதோ அங்கேயே போய்ச் சேரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்பூலைக் கழற்றுங்கள். ரோட்டர் நட்டுக்குப் பக்கத்தில் அது கழலாமல் இருக்க ஒரு சின்னத் திருகு இருக்கும், முதலில் அது. அப்புறம் நட்டு. சில ரீல்களில் அது எதிர்த்திசை மறையாக இருக்கும், திறக்கவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ரோட்டரை எடுத்ததும் கிளட்ச் தெரியும். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள், எந்த வாஷர் மேலே எது கீழே என்று பிறகு நினைவிருக்காது. கிளட்சைப் பிரிக்க வேண்டாம், ஸ்பிரிங் தெறித்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான். முழுசாகக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்ததும் மெல்லிய ரீல் எண்ணெய் ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு. கிரீஸ் கூடவே கூடாது.

டிராக் வாஷரிலும் எண்ணெய் இறங்கியிருக்கும். அது கம்பளித் துணி மாதிரி ஃபெல்ட் வாஷர் என்றால் எடுத்துத் துடைத்து, அதே ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து காய வையுங்கள். அப்புறம் டிராக்குக்கு என்றே விற்கும் கிரீஸ் மட்டும், விரல் நுனியில் எடுத்து மெல்லிசாக.

சத்துவாச்சாரி_தூண்டில்:
ஏரிக்கரை அண்ணா, புள்ளி வைத்துப் பார்த்தேன். விளிம்புப் புள்ளி அசையவே இல்லை, நரம்புப் புள்ளி ஸ்பூலைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டது! பிரெய்டை உருவிப் பார்த்தால் வழவழவென்ற அலுமினிய ஸ்பூலில் நேராகக் கட்டியிருக்கிறார்கள். அடியில் ஒன்றும் இல்லை.

ஆம்பூர் பாய், கிளட்சைக் கழற்றினேன், எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. ஆல்கஹாலில் போட்டு வைத்திருக்கிறேன். பிரெய்டுக்கு இப்போது என்ன செய்ய?

ஏரிக்கரை_வாலாஜா:
பிரெய்டுக்குப் பிடிமானம் கிடையாது, வழவழப்பான உலோகத்தில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வழுக்கும். முதலில் தங்கூசி நரம்பு (ஒற்றை நைலான் இழை) பத்துப் பதினைந்து மீட்டர் இறுக்கமாகச் சுற்றுங்கள், அதன் முனையில் டபுள் யூனி முடிச்சில் பிரெய்டைக் கட்டுங்கள். தங்கூசி கொஞ்சம் இழுபடும் சாமான், ஸ்பூலைக் கவ்விக்கொள்ளும். அவசரத்துக்கு மின்சார வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் நேராகச் சுற்றினாலும் போதும். பிரெய்டை ஈரத்துணிக்குள் விட்டு அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து, அடுத்த வீச்சிலேயே சிக்கல்.

சிக்கலைப் பற்றிக் கேட்டீர்களே. ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள், வழிய வழியச் சுற்றக் கூடாது. தவளை தண்ணீரில் விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றி பேலை மூடாமல், கையால் மூடி நரம்பை ஒரு தரம் இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே போய்விடும். பேலின் முனையில் இருக்கும் லைன் ரோலரையும் பாருங்கள். அதன் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, கனமாக இழுத்தபடி சுற்றினால் புள்ளியும் சுற்ற வேண்டும். நின்றுவிட்டால் நரம்பு முறுக்கேறும், ரோலரிலும் பிரெய்டு பள்ளம் போடும்.

குடியாத்தம்_கைத்தூண்டில்:
நமக்கு ரீலே கிடையாது. கௌண்டின்யா ஆற்றில் தண்ணீர் வரும்போது மூங்கில் கழியும் தக்கையும்தான். அதனால் ரீல் விவகாரத்தில் வாய் திறக்கவில்லை.

இரண்டு விஷயம் மட்டும். ஏரி மீன் பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள் தம்பி, பிறகு கரையில் சண்டை வேண்டாம். அப்புறம், தண்ணீர் மேல் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தால் அதன் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் கோபத்தில் அடிக்கும்தான், பிடித்தும் விடலாம். ஆனால் அந்தக் குஞ்சு மொத்தத்தையும் மற்ற மீன் தின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

சத்துவாச்சாரி_தூண்டில்:
சரி பெரியவரே, கட்டாயம்.

ஆம்பூர் பாய், எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். கைப்பிடி இப்போது ஒரு நூல்கூடப் பின்னால் போவதில்லை. அண்ணன் சொன்னபடி தங்கூசி சுற்றி அதன் மேல் பிரெய்டு. கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்தால் டிராக் கத்துகிறது, வாங்கின நாளிலிருந்து இப்போதுதான் அந்தச் சத்தத்தையே கேட்கிறேன். டிராக்கை எவ்வளவுக்கு வைப்பது? அப்புறம் அந்தப் பதினைந்தாயிரத்தை என்ன செய்ய? மச்சான் தினமும் கேட்கிறார்.

ரீல்_வைத்தியர்_ஆம்பூர்:
பழைய சாமான் கடையில் தொங்கவிட்டு நிறுக்கும் ஸ்பிரிங் தராசு கிடைக்கும். ரீலை ராடில் மாட்டி, நரம்பை வளையங்களுக்குள் விட்டு, நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி இழுத்துப் பாருங்கள். வழக்கமான கணக்கு நரம்பின் அறும் பலத்தில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. 30 பவுண்டு என்றால் பதிமூன்றரை கிலோ, ஆக மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரும். செடிக்குள் விரால் என்பதால் மேல் பக்கமாகவே வையுங்கள், ஆனால் உங்கள் ராடு எவ்வளவு தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், வாஷர் நசுங்காமல் இருக்கும்.

காட்பாடி_ஸ்பின்னர்:
மச்சானுக்கு நான் பதில் சொல்கிறேன். ஏரியும் அணையும் மட்டும்தான் உங்கள் களம் என்றால் பதினைந்தாயிரம் ரீலுக்கு அதிகம். செடிக்குள் விரால் என்பது டிராக்கை ஓடவிட்டு ஆடுகிற ஆட்டமே இல்லை, பிடித்ததும் தலையைத் திருப்பி இழுத்துக்கொண்டு வருவதுதான். அங்கே ஸ்ட்ராடிக்கின் வழுவழு டிராக் பெட்டிக்குள் தூங்கும். உங்களுக்கு வேண்டியது முறுக்கிக்கொள்ளாத உடம்பும், ஒழுங்கான கிளட்சும், நல்ல பிரெய்டும்.

இப்போதிருக்கும் ரீல் இன்னொரு சீசன் ஓடட்டும். பல்சக்கரம் மணல் அரைக்கிற மாதிரி கரகரக்க ஆரம்பித்தால் சியன்னா, நாசி வரிசையில் ஏதாவது எடுங்கள், மீதிப் பணத்தை ராடிலும் பிரெய்டிலும் போடுங்கள். பாலாற்றுப் படுகையில் ரீலை மணலில் வைக்கும் பழக்கம் இருந்தால் எந்த விலை ரீலும் அந்தக் கரகரப்புக்குச் சீக்கிரம் வரும்.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் கடலுக்குப் போகிற எண்ணம் உண்டா? உண்டு என்றால் பேச்சே வேறு. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காத சீலுக்குத்தான் அங்கே காசு கொடுக்க வேண்டும். உங்கள் இரண்டாயிரம் ரூபாய் ரீல் அங்கே சீக்கிரமே இறுகிவிடும்.

சத்துவாச்சாரி_தூண்டில்:
கடலுக்கு இப்போதைக்கு இல்லை அண்ணா. அப்போ நாசியே போதும், அதுவும் இது உடைந்த பிறகு. 4000 எடுக்கவா, 3000-ஆ?

காட்பாடி_ஸ்பின்னர்:
ஏழடி ராடு, 30 பவுண்டு பிரெய்டு, செடி ஏரி: 4000தான். கூடவே கியர் விகிதம் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை சுற்று என்ற கணக்கு) 6.2 பக்கம் இருக்கிறதைப் பாருங்கள். அடி தவறினால் தவளையைச் சட்டென்று சுருட்டி, தண்ணீர் கலங்கி அடங்குவதற்குள் அதே இடத்தில் மறுபடி போட முடியும்.